வடக்குச் சுவரின் செங்கல்

ஞாயிறு ஆராதனைக்கு மத்தியானம் இரண்டரை மணிக்குப் போகிறவர்களை ஊரில் நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். நியூ ஜெர்சியில் நாங்கள் அப்படித்தான் போனோம். காலையில் கோயில் அதன் சொந்தக்காரர்களுக்கு. அவர்கள் தொழுது, காப்பி குடித்து, கோப்பைகளைக் கழுவிக் கவிழ்த்து, விளக்கை அணைத்துவிட்டுப் போன பிறகு எங்களுக்கு. குளிர்காலத்தில் நாங்கள் இரண்டாம் பாட்டை முடிப்பதற்குள் ஜன்னல் கண்ணாடியில் வெளிச்சம் வற்றத் தொடங்கிவிடும். விடியலுக்கு நன்றி சொல்லும் கீர்த்தனையை அந்தி மயங்கும்போது பாடிக்கொண்டிருப்போம். முதல் வருஷம் அது விநோதமாக இருந்தது. பிறகு பழகிவிட்டது. எதுவும் பழகிவிடும் என்பதுதான் இந்த நாட்டில் நான் கற்றுக்கொண்டவற்றில் எனக்கு மிகவும் வெறுப்பான விஷயம்.

நான் பாளையங்கோட்டைக்காரன். பெயர் ஞானசிகாமணி. பொதுப்பணித்துறையில் உதவிப் பொறியாளராகப் பதினொரு வருஷம் இருந்தேன். என் மனைவி கிரேஸுக்கு நர்ஸ் வேலைக்கு விசா கிடைத்ததால் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஈஸ்ட் பிரன்ஸ்விக் வந்து சேர்ந்தோம். வந்த மூன்றாம் வாரம் அவள் வார்டில் நின்றாள். நான் என் பட்டத்தை மதிப்பிடச் சொல்லி அனுப்பிவிட்டு மாதக்கணக்கில் தபால்பெட்டியைத் திறந்து திறந்து மூடினேன். சில பாடங்கள் குறைகின்றன, திரும்பப் படிக்க வேண்டும் என்று பதில் வந்தது. கடைசியில் வீட்டுச் சாமான்கள் விற்கும் ஒரு பெரிய கடையில், சிமெண்டும் செங்கல்லும் மணலும் அடுக்கியிருக்கும் வரிசையில் எனக்கு வேலை கிடைத்தது. ஊரில் எத்தனையோ லாரி சிமெண்டுக்குக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். ஒரு மூட்டையையாவது தூக்கியதில்லை. இங்கே மூட்டையைத் தூக்கிக் காரின் பின்பக்கம் வைப்பதுதான் வேலை. மார்பில் 'மணி' என்று பெயரட்டை. வருகிறவர்கள் அதைப் பணம் என்று வாசித்துவிட்டுச் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

கோயில், வீட்டிலிருந்து இருபது நிமிஷம் காரில். நூறு வருஷத்துக்கு மேற்பட்ட கட்டடம். பூச்சு இல்லாத செங்கல் சுவர்கள். காலைக்காரர்கள் முப்பது பேருக்குள்தான், எல்லோரும் தலை நரைத்தவர்கள். நாங்கள் நாற்பது குடும்பங்கள். மாதத்தின் முதல் ஞாயிறு எங்களுக்கு அசனம். நெல்லைச் சீமைக் கிறிஸ்தவர்களுக்கு அதைச் சொல்லித் தர வேண்டாம். மற்றவர்களுக்குச் சொல்கிறேன்: சபையார் எல்லோரும் சேர்ந்து சமைத்து, சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுவது. பேஸ்மெண்ட் ஹாலில் இரண்டு பெரிய பானைகளில் சோறு வேகும். அந்த ஒரு நாள்தான் பிள்ளைகள் கேட்காமலே தமிழில் பேசுவார்கள். "இன்னும் கொஞ்சம் குழம்பு" என்பதை ஆங்கிலத்தில் சொன்னால் கிடைக்காது என்று பெண்கள் சட்டம் போட்டிருந்தார்கள்.

பேஸ்மெண்டின் வடக்குச் சுவரில் ஓதம் ஏறியிருந்தது. உள்பூச்சு உப்பி, தொட்டால் பொடியாக உதிர்ந்தது. மூலையில் கரும்பூசணம். ஒரு ஞாயிறு நாங்கள் போனபோது பிரிட்ஜ் கதவில் ஒரு கடிதம் ஒட்டியிருந்தது. சுவரில் ஈரம் ஏறுவதற்கு எங்கள் சமையல் ஆவிதான் காரணம் என்று கட்டடக் குழு கருதுகிறது. தயவுசெய்து இனி இங்கே அரிசி வேகவைக்க வேண்டாம். வாசனை மிகுந்த உணவுகளையும் தவிர்க்கலாம். கீழே கேரல் என்று கையெழுத்து. கட்டடக் குழுவின் தலைவி அவர், ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. எங்கள் குழந்தைகளின் பெயர்களைச் சரியாக உச்சரிக்கப் பாடுபடுகிறவர். நல்ல பெண்மணி. அதனால்தான் இன்னும் கசக்கிறது.

அன்று சோறு வேகவில்லை. வீட்டிலிருந்து அலுமினியத் தட்டுகளில் கொண்டுவந்த சாண்ட்விச்சை நின்றபடியே சாப்பிட்டுவிட்டுக் கலைந்தோம். வெளியே மழை. எனக்குப் பொறுக்கவில்லை. குடையை விரித்துக்கொண்டு கட்டடத்தைச் சுற்றி நடந்தேன். வடக்குப் பக்கம் போனதும் விஷயம் புரிந்துவிட்டது. கூரை ஓரத்தில் மழைநீரை ஏந்திச் செல்லும் தகரக் கால்வாய், கட்டர் என்பார்கள், ஒரு மூட்டில் பிளந்து கிடந்தது. கூரைத் தண்ணீர் முழுவதும் சுவரின் மேல் வழிந்தது. செங்கல் இடுக்குகளில் கலவை கரைந்து விரல் போகிற அளவுக்குச் சந்து. பல செங்கற்களுக்கு முகமே இல்லை. குளிர்காலத்தில் செங்கல் குடித்த தண்ணீர் உள்ளேயே உறைந்து, பருத்து, அதன் மேல்தோலை உடைத்துத் தள்ளிவிடுகிறது. மறுநாள் இளகும், மறுபடி உறையும். வடக்குப் பக்கம் வெயிலே விழாததால் அந்தச் சுவர் காய்வதே இல்லை. அரிசிப் பானைக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

அடுத்த ஞாயிறு காலை கேரலைப் பார்த்து இதைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"ஆர் யூ எ லைசென்ஸ்டு இன்ஜினியர், மணி?"

"இன் இந்தியா, யெஸ்."

"ஓ, ஹௌ ஒன்டர்ஃபுல்!"

அந்த ஒன்டர்ஃபுல்லுக்கு 'அப்படியென்றால் இல்லை' என்று பொருள். எனக்கு அப்போது தெரியாது. காண்டிராக்டரைக் கூப்பிடச் சபைக்கு வசதி இல்லை என்றவர், உங்கள் ஆட்கள் வேண்டுமானால் 'டேக் எ கிராக் அட் இட்' என்றார். கிராக் எதுவும் இல்லை, விரிசல் விட்டிருந்தால் அஸ்திவாரத்தைப் பார்க்க வேண்டும், இது செங்கல் முகம் உரிகிற கோளாறு என்று நான் ஐந்து நிமிஷம் விளக்கினேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். முயன்றுதான் பாருங்களேன் என்று அதற்கு அர்த்தம் என்பதைக் கிரேஸ் வீட்டில் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

சபைச் செயலாளர் ஜெபராஜ், ஒரு மருந்துக் கம்பெனியில் கெமிஸ்ட். ஊரில் இருந்தபோதும் சரி, இங்கும் சரி, கையில் அழுக்குப் படாதவர்.

"அண்ணாச்சி, ஊர்ல நம்ம வீட்டுச் செவத்துலயே நாம கை வச்சதில்ல. இங்க வந்து வெள்ளக்காரன் செவத்தப் பூசணுமாக்கும்?"

"பூசிட்டா நம்மளக் குத்தம் சொல்ல முடியாதுல்லா?"

"சொல்லணும்னு நெனச்சவன் பூசினாலும் சொல்லுவான். நீங்க ஆசப்படுதிய, செய்யுங்க."

அந்த இலையுதிர் காலத்தில் ஐந்து சனிக்கிழமைகள் வேலை செய்தோம். தகரக் கால்வாயின் பிளவை அடைத்தேன். இடுக்குகளைச் சுரண்டிவிட்டு ஒரு பங்கு சிமெண்டுக்கு மூன்று பங்கு மணல் என்று நல்ல தடித்த கலவையாக இட்டு, கொத்துக் கரண்டியால் இழைத்து மெருகேற்றினேன். பொதுப்பணித்துறையில் எங்களுக்கு எல்லா நோய்க்கும் ஒரே மருந்துதான். ஆற்றோரத்தில் ஒரு பழைய கட்டடத்தில் ஓதம் ஏறியபோது, வேலை பார்த்த சுடலைமுத்து என்ற கொத்தனார், "ஐயா, பழைய செவத்துக்கு இம்புட்டுச் சிமெண்டு ஆகாதுய்யா, சுண்ணாம்பு போட்டாப் போதும்" என்றார். "எஸ்டிமேட் நீ போட்டியா, நான் போட்டேனா?" என்று கேட்டேன். அவர் தலைத்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, நான் சொன்னபடியே சிமெண்டைக் குழைத்தார். அந்தக் கட்டடம் பிறகு என்னவாயிற்று என்று நான் போய்ப் பார்த்ததும் இல்லை.

மார்ச் மாதம் பனி இளகத் தொடங்கியபோது நானும் ஜெபராஜும் கேரலோடு கோயில் சுவரைப் பார்க்கப் போனோம். சுவரடியில் கிடந்த பழைய பனியின் மேல் சிவப்புச் சில்லுகள் சிதறிக் கிடந்தன, யாரோ பிஸ்கட்டை நொறுக்கி எறிந்ததுபோல. என் சிமெண்டுக் கோடுகள் அப்படியே பளபளவென்று நின்றன. அவற்றுக்கு நடுவே செங்கற்கள் வரிசை வரிசையாக முகம் போய் நின்றன. முந்தைய வருஷத்தைவிட மோசம். கேரல் ஒரு சில்லைக் குனிந்து எடுத்து, கையில் வைத்துப் பார்த்தார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"யூ மென்ட் வெல், மணி."

நல்லெண்ணத்தோடுதான் செய்தாய். ஒன்றும் தெரியாதவனுக்குச் சொல்கிற ஆறுதல். பதினொரு வருஷ உத்தியோகத்தில் யாரும் என்னிடம் அப்படிப் பேசியதில்லை. ஜெபராஜ் திரும்பிக் காரை நோக்கி நடந்தார். அது அதைவிட மோசமாக இருந்தது.

அந்தச் சில்லு ஒன்றைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனேன். எங்கள் வரிசைக்கு அடிக்கடி வந்து சுண்ணாம்பு மூட்டை வாங்குகிற கொத்தனார் ஒருவன் உண்டு. மனுவேல். போர்ச்சுகலில் பிறந்தவன், நெவார்க்கில் குடியிருந்தான், என்னைவிடப் பத்து வயது சின்னவன். எங்கள் ஊர்ப் பெயராக இருக்கிறதே என்று நான்தான் முதலில் பேச்சுக் கொடுத்திருந்தேன். அவனிடம் சில்லைக் காட்டி, செய்ததைச் சொன்னேன். விரலால் தட்டிப் பார்த்தான்.

"யுவர் மட் இஸ் டூ ஹார்ட், மை ஃப்ரெண்ட்."

எனக்குச் சுருக்கென்றது. மண்ணா? நான் மண் குழைத்துச் சுவர் வைக்கிறவனா? "ஐ டிட் நாட் யூஸ் மட்! போர்ட்லண்ட் சிமெண்ட்! ஐ ஆம் அன் இன்ஜினியர்!" என்று கடை அதிரச் சொன்னேன். அவன் சிரித்துவிட்டான். இங்கே கொத்தனார்கள் கலவையைத்தான் மட் என்கிறார்கள். பிறகு, சிமெண்டு மூட்டைமேல் உட்கார்ந்துகொண்டு, என் ஆங்கிலத்தைவிடக் கொஞ்சம் மோசமான ஆங்கிலத்தில் விளக்கினான். பழைய செங்கல் மெத்தென்றது. கலவை அதைவிட மெத்தென்று இருக்க வேண்டும். சுவருக்குள் போன ஈரம் கலவை வழியாக வெளியே வந்து காயும். கலவை கல்லாக இறுகிவிட்டால் ஈரம் செங்கல்லுக்குள் அடைபட்டு, உறைந்து, அதை உடைக்கும். மேலே ஈரம் புகாத பூச்சு எதையும் அடித்துத் தொலைக்காதே, அதுவும் அடைத்துவிடும். கலவை போனால் திரும்ப வைக்கலாம், செங்கல் போனால் போனதுதான். எல்லாவற்றையும் பெயர்த்துவிட்டுச் சுண்ணாம்பில் வை.

சுடலைமுத்து சொன்னது அதுதான். என்னிடம் சொன்னபோது எனக்கு வயது முப்பது, நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன், அவர் நின்றுகொண்டிருந்தார்.

வீட்டில் கிரேஸிடம் சொன்னேன்.

"அப்ப நீங்க வச்சது அம்புட்டையும் பேக்கணுமா?"

"ஆமா."

"செங்கல் ஒடையாம பேக்க முடியுமா?"

"உளிய வச்சு மெதுவாத்தான் தட்டணும். மெஷின் வச்சா கல்லு போயிரும்."

"சரி, பேத்துருங்க. லீவு அன்னைக்கு நானும் வாறேன். சாண்ட்விச் தின்னுட்டு ஓடியாறதுக்கு எனக்கும் ஒரு மாதிரியாத்தான் இருக்கு."

ஏப்ரலில் தொடங்கினோம். உறைபனி பயம் முழுக்க விலகிய பிறகுதான் சுண்ணாம்பு வைக்கலாம், அடுத்த குளிருக்கு முன்னால் அது நன்றாக இறுகிவிடவும் வேண்டும் என்று மனுவேல் கணக்குச் சொல்லியிருந்தான். நான் அழகாக இழைத்த சிமெண்டை நானே அங்குலம் அங்குலமாகப் பெயர்த்தேன். அதற்கே ஜூன் ஆகிவிட்டது. முகம் போன செங்கற்களை எடுத்த இடத்தில் வைக்க, இடித்த வீடு ஒன்றிலிருந்து அதே மாதிரிப் பழைய செங்கல்லை மனுவேல் வண்டியில் கொண்டுவந்து இறக்கினான். முதல் வாரம் பன்னிரண்டு பேர் வந்தார்கள், பிறகு ஏழு, கடைசியில் நாலு. மிச்சம் நின்ற நாலு பேரில் ஜெபராஜ் ஒருவர் என்பதை நானே எதிர்பார்க்கவில்லை. சுண்ணாம்பு காற்றைக் குடித்துக் கல்லாகிறது என்று நான் சொன்னதும் அவருக்குள் இருந்த கெமிஸ்ட் விழித்துக்கொண்டார். இஸ்திரி போட்ட சட்டையோடு வந்து, வைத்த கலவை வெயிலில் சட்டென்று காய்ந்துவிடாமல் இருக்கச் சாக்கை நனைத்து நனைத்துத் தொங்கவிடுவார். சுண்ணாம்பு பட்டு என் விரல்கள் வெடித்தன. கிரேஸ் மருந்து போட்டுத் துணி சுற்றிவிடுவாள். கேரல் சனிக்கிழமைதோறும் ஒரு ஜாடி நிறைய எலுமிச்சைச் சர்பத் கொண்டுவந்து தருவார். சுவரைக் கையால் தடவிப் பார்ப்பார். கோடை முழுவதும் ஒரு வாரம்கூடத் தவறவில்லை.

அந்தக் குளிர்காலம் கடுமையானது. பிப்ரவரியில் ஒவ்வொரு ஞாயிறும் கோயிலுக்குள் நுழையுமுன் வடக்குப் பக்கம் போய்ப் பனியைப் பார்ப்பேன். வெள்ளையாகவே கிடந்தது. மார்ச்சில் பேஸ்மெண்ட் சுவரில் உள்ளங்கையை வைத்தேன். குளிர்ந்திருந்தது, ஆனால் ஈரமில்லை. பிரிட்ஜில் ஒட்டியிருந்த கடிதத்தைக் கேரல் தானே கிழித்தார். அந்த மாதத்து அசனத்தில் ஆட்டுக்கறிக் குழம்பு வைத்தோம். ஜெபராஜ் எனக்கு இலை போட்டுப் பரிமாறினார். "அண்ணாச்சிக்கு எலும்போட வைங்கடே" என்று கத்தினார். அமெரிக்காவுக்கு வந்த பிறகு நான் வயிறார உண்டது அன்றுதான் என்று நினைக்கிறேன்.

மே மாதம் காலை ஆராதனைக்கு வரச் சொல்லி எனக்கு அழைப்பு வந்தது. அதுவரை அந்த நேரத்தில் அங்கே போய் உட்கார்ந்ததில்லை. முன்வரிசையில் உட்காரவைத்தார்கள். கேரல் எழுந்து என் வேலையைப் பற்றிப் பேசினார். முப்பது முதியவர்களும் எழுந்து நின்று கைதட்டினார்கள். முடிவில் அவர் என் வெடித்த கையைத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்துக்கொண்டு, கண் கலங்க, "வீ ஹேவ் ஸோ லவ்டு ஹேவிங் யூ ஹியர்" என்றார். கார் ஓட்டிக்கொண்டு வரும்போது நான் பாடிக்கொண்டே வந்தேன்.

கிரேஸ் துணி மடித்துக்கொண்டிருந்தாள். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். அவள் கை நின்றது.

"லவ்டுன்னா சொன்னாங்க? லவ் இல்லையா?"

"என்ன வித்தியாசம்?"

"முடிஞ்சு போச்சுங்கிற வித்தியாசம். எங்க வார்டுல ஆள வேலையவிட்டுக் கழிக்கையில கேக் வெட்டி, கையப் பிடிச்சிட்டு இதத்தான் சொல்லுவாங்க."

"ஒனக்கு எதுலயும் நல்லதே தெரியாது" என்று கத்தினேன். இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. மூன்றாம் நாள் ஜெபராஜ் போன் செய்தார். அவர் வீட்டுக்குக் கடிதம் வந்திருந்தது. காலைச் சபை பக்கத்து ஊர்ச் சபையோடு இணைகிறது, கட்டடம் விற்பனைக்கு, ஆகஸ்ட் முடிவுக்குள் நாங்கள் வேறிடம் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நாங்களே வாங்க முடியுமா என்று விசாரித்தோம். எங்களுக்கு எட்டாத விலை. விற்பனை ஏஜண்டின் வழுவழுப்பான தாளை ஜெபராஜ் கூட்டத்தில் வாசித்தார்: 'அழகாகப் புதுப்பிக்கப்பட்ட அசல் செங்கல் சுவர்கள், ஈரமற்ற பேஸ்மெண்ட்.' வாசித்துவிட்டு என்னைப் பார்த்தார். அந்த விலையை எங்கள் கைக்கு எட்டாத உயரத்துக்கு ஏற்றியதில் என் கரண்டிக்கும் ஒரு பங்கு உண்டு.

கேரலிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். போன கோடையில், நான் சுவரில் நின்றுகொண்டிருந்தபோது, விற்கப்போவது உங்களுக்குத் தெரியுமா?

பனிக்காலத்தில் ஒன்பது பேர்தான் வருகிறோம், எங்களால் ஹீட்டரைக்கூட ஓட்ட முடியவில்லை என்றார். பிறகு, "நாட் ஃபார் ஷுர், மணி" என்றார்.

நிச்சயமாகத் தெரியாது. அவ்வளவுதான். அவர் பொய் சொல்லவில்லை என்றே நம்புகிறேன். அந்தக் கட்டடத்தில் ஞானஸ்நானம் பெற்றவர், அங்கேதான் கல்யாணம் முடித்தவர். கோயில் கைவிட்டுப் போனது எனக்கு மட்டுமல்ல, அவருக்கும்தான் என்று கிரேஸ் சொல்வாள். இருக்கலாம். ஆனால் விற்பனைத் தாளில் கையெழுத்துப் போட்டது அவர்.

இப்போது நாங்கள் ஒரு பள்ளிக்கூடத்தின் கேன்டீனில் கூடுகிறோம். மேசைகளை மடக்கிச் சுவரோரம் தள்ளிவிட்டு, நாற்காலி போட்டு, முடிந்ததும் பழையபடி வைத்துவிட்டுப் போக வேண்டும். அங்கே அடுப்புக்கு அனுமதி கிடையாது. நாற்பது குடும்பங்களில் சில டெக்சாஸுக்கு வேலை மாறிப் போய்விட்டன, சில ஆங்கிலச் சபைகளுக்குப் போய்விட்டன. நான் இன்னும் அதே கடையில், இப்போது அந்த வரிசைக்கு மேற்பார்வையாளன்.

அந்த ஊர்ப் பக்கம் நான் போவதே இல்லை. போன மார்ச்சில் பாதை வேலையால் காரைத் திருப்பிவிட்டார்கள். வேறு வழியில்லாமல் அந்தத் தெருவில் வந்து சேர்ந்தேன். கட்டடத்தை ஆறு வீடுகளாகத் தடுத்து விற்றிருந்தார்கள். பால்கனியில் சைக்கிள் தொங்கியது. நிறுத்தக் கூடாது என்று நினைத்துக்கொண்டே நிறுத்தினேன். வடக்குச் சுவர் கண்ணாடிபோல மின்னியது. செங்கல்லின் நிறம் எடுப்பாகத் தெரிவதற்காக ஈரம் புகாத பளபளப்புப் பூச்சு ஒன்றை அடித்திருந்தார்கள். கிட்டே போய்ப் பார்த்தேன். ஜன்னலுக்குக் கீழே மூன்று செங்கற்கள் தோல் விட்டிருந்தன. நகத்தால் தொட்டதும் ஒரு சில்லு கழன்று கைக்கு வந்தது.

"ஆர் யூ த கை ஃபார் த வால்?"

பக்கவாட்டுக் கதவைத் திறந்துகொண்டு ஓர் இளம்பெண் நின்றாள். இடுப்பில் குழந்தை. சுவரைப் பார்க்க யாரோ வருவதாக இருந்திருக்கிறது. என்னை அவன் என்று நினைத்துவிட்டாள். இல்லை என்று சொல்லிவிட்டுக் காருக்குப் போயிருக்கலாம்.

"யெஸ்" என்றேன்.

"உள்ளே வந்து பாருங்கள், மூலையெல்லாம் ஈரம்" என்று அவள் ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டே முன்னால் நடந்தாள். அவள் பின்னால் படியேறினேன். எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று அவள் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மேலே, அவள் வீடு தொடங்கிய இடம், நாங்கள் செருப்பைக் கழற்றிவிட்டு முழங்காலிட்டு, திருவிருந்தின் அப்பமும் திராட்சரசமும் வாங்கிய இடம். வாசலில் என் கை தானாக வலது ஷூவின் நாடாவை அவிழ்த்து அதைக் கழற்றியது.

"நோ, நோ, கீப் தெம் ஆன்" என்றாள் அவள் சிரித்தபடி. "இட்ஸ் ஜஸ்ட் எ கிச்சன்."

வலது காலில் வெறும் சாக்ஸ், இடது காலில் ஷூ. கழற்றியதைத் திரும்ப மாட்டவும் முடியாமல், மற்றதைக் கழற்றவும் முடியாமல், செங்கல் சில்லைக் கையில் பொத்திக்கொண்டு அந்த வாசற்படியில் நின்றேன்.